நம்பர் சொன்னால்தான் பாட்டு

உங்கள் வீட்டுப் பூட்டு என்றைக்காவது உங்களைப் பார்த்தே ‘யார் நீ?’ என்று கேட்டிருக்கிறதா? என் கார் ரேடியோ கேட்டது. 2014 மே மாதம். கத்திரி வெயில்.

ஏசியில் காற்று வந்தது, குளிர்ச்சி வரவில்லை. “கூலிங் காயில் லீக் சார். டேஷ்போர்டை இறக்கித்தான் மாத்தணும்” என்றார் மெக்கானிக். பேட்டரி ஒயரைக் கழற்றினார். ரேடியோ, மீட்டர், ஏசி திருகுகள் எல்லாவற்றையும் பிடுங்கித் தரையில் பரப்பினார். இரண்டு நாள் என் கார் பல் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி வாயைப் பிளந்தபடியே நின்றது.

மூன்றாம் நாள் ஜில்லென்று காற்று வந்தது. சந்தோஷமாக ரேடியோவைத் தட்டினேன். பாட்டு வரவில்லை. திரையில் ‘கோட்’ என்று நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள்.

“நம்பர் கேக்குது சார். வண்டி வாங்கும்போது ஒரு கார்டு குடுத்திருப்பாங்களே?”

யாருக்குக் கொடுத்தார்கள்? 2005-ல் முதலில் வாங்கியவருக்கு. நான் 2011-ல் செகண்ட்ஹேண்டாக வாங்கியவன்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி ரேடியோவுக்கு இரண்டு வழியாக கரன்ட் போகும். ஒன்று சாவியைத் திருப்பினால் மட்டும். இன்னொன்று பேட்டரியிலிருந்து நேரடியாக, இருபத்து நான்கு மணி நேரமும். இந்த இரண்டாவது அறுந்தால், தன்னை யாரோ திருடிவிட்டார்கள் என்று ரேடியோ முடிவு கட்டிவிடும். மறுபடி உயிர் வந்ததும் ரகசிய எண் கேட்கும். அறுத்தவர் திருடரா, மெக்கானிக்கா என்று அதற்குத் தெரியாது.

அதைக் குறை சொல்லவும் முடியாது. எண்பதுகளில் அமெரிக்கா, ஐரோப்பாவில் கார் கண்ணாடியை உடைத்து ரேடியோவைக் களவாடுவது பெரிய தொழிலாகவே நடந்தது. நியூயார்க்கில் ‘உள்ளே ரேடியோ இல்லை’ என்று அட்டை எழுதிக் காருக்குள் வைத்தார்கள். திருடினாலும் பயன்படாது என்றால் எவன் திருடுவான்? அந்த யோசனையில் வந்ததுதான் இந்தப் பூட்டு.

நான்கு இலக்கம்தானே, போட்டுப் பார்த்துவிடலாம் என்று பி.காம். மூளை கணக்குப் போட்டது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள். என் ரேடியோ மூன்று முறை தப்பாகப் போட்டால் ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொள்ளும் ஜாதி. ஆக, எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க 3,333 மணி நேரம். சாப்பாடு, தூக்கம் இல்லாமல் சுமார் 139 நாள்! அந்த நேரம் முழுக்க சாவி ஆனிலேயே இருக்க வேண்டும். அதற்குள் பேட்டரி செத்துவிடும்.

நேர்வழிக்குப் போனேன். ரேடியோப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைக் கொடுத்தால் கம்பெனி கோட் தரும். பெட்டிதான் டேஷ்போர்டுக்குள் மறுபடி போய்விட்டதே! இரண்டு கம்பிகளை விட்டுத் திரும்ப உருவினார் மெக்கானிக். நம்பர், ஆர்.சி. நகல், அடையாள அட்டை எல்லாவற்றையும் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். “ஒரு வாரம் சார்” என்றார்கள். மூன்று வாரம் கழித்தும் அதே ஒரு வாரம்தான்.

“விடுங்க சார், வேற செட் மாட்டிடலாம்” என்றார் மெக்கானிக். ஒழுங்காக வேலை செய்யும் பெட்டியை, நான்கு எண் தெரியாததால் குப்பையில் போடுவதா? மனசு ஒப்பவில்லை.

காமர்ஸ் படித்தவனின் வியாதி, எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாதது. வண்டி கைமாறியபோது போட்ட ஃபாரம் 29, 30 நகல்கள் பத்திரமாக இருந்தன. முதலில் வாங்கியவர் வங்கி அதிகாரி. 2010-ல் தவறிவிட்டார். எனக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டது அவர் மனைவி. குரோம்பேட்டை விலாசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். எழுபது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கார் பேப்பர் எல்லாம் குடுத்துட்டோம் தம்பி. ஒரு நோட்டை மட்டும் நான் குடுக்கலை.”

உள்ளே போய் எடுத்து வந்தார். பெட்ரோல் போட்ட தேதி, லிட்டர், கிலோமீட்டர் என்று பேரேடு மாதிரி குண்டு குண்டான கையெழுத்து. முதல் பக்கத்திலேயே ‘ரேடியோ’ என்று எழுதி, எதிரே நான்கு எண்கள்.

“அவர் கையெழுத்துன்னு வெச்சுக்கிட்டேன். அது உங்களுக்குத் தேவைப்படும்னு தெரியாது.” சங்கடமாகச் சிரித்தார். “காருக்கு இவ்வளவு எழுதினவர், எந்த பேங்க்ல என்ன இருக்குன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. ஒவ்வொண்ணா கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் அலைஞ்சோம்.”

எண்ணைக் குறித்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் வாசலுக்கு வந்தார். சாவியைத் திருப்பி நான்கு எண்களையும் போட்டேன். பூட்டு திறந்தது. வந்தது பாட்டு அல்ல, வெறும் இரைச்சல். கரன்ட் போனதில் பட்டன்களில் பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் எல்லாம் அழிந்திருந்தன.

ஜன்னல் வழியாகக் குனிந்து அவர் சொன்னார்: “ஒண்ணாம் நம்பர்ல 101.4 வெச்சிருப்பார்.”

எஃப்.எம். ரெயின்போ. வைத்தேன். ஏதோ பழைய பாட்டு. அது முடியும்வரை அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். நானும் எஞ்சினைக் கிளப்பவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கதையாகச் சொன்னேன். “சரி, உங்க இன்ஷூரன்ஸ் பாலிசி எங்கே இருக்கு?” என்று கேட்டாள். எனக்கு மட்டும் தெரிந்த இடத்தில். அன்று ராத்திரியே ஒரு நோட்டு போட்டேன். அது இருக்கும் இடத்தையும் அவளுக்குக் காட்டினேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். டேஷ்போர்டில் யாரையும் கைவைக்க விடும் முன், கோட் கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ரேடியோ வெளியே கிடக்கும்போதே அந்த ஸ்டிக்கரை செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பின்னால் வந்த சில கார்களில் எண் போட்டாலும் வேலை நடக்காது. பெட்டி தன் வண்டியைத்தான் அடையாளம் பார்க்கும். கம்பெனி கம்ப்யூட்டர் வந்துதான் சமாதானம் செய்ய வேண்டும்.

அந்தக் காரை 2019-ல் விற்றேன். வாங்கிய பையனிடம் சாவிக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தேன். நான்கு எண்கள். “எதுக்கு சார் இது?” என்றான்.

“பத்திரமா வை. வீட்லயும் சொல்லி வை” என்றேன்.