ரஜனி பெயரில் ஒரு பிள்ளை படிக்கட்டும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவுமலர் அச்சாகிவிடும். கையில் கொஞ்சம் இருக்கிற குடும்பம் என்றால், இறந்தவர் படித்த பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ அவர் பெயரில் ஒரு பரிசு ஏற்படும். இந்த வழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு முதல் அகராதி, முகம் தெரியாத ஏதோவொரு தாத்தாவின் பெயரில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் வீட்டில் படுத்து இறந்தவர்களுக்கு எளிதாக வாய்த்த இந்த மரியாதை, தெருவில் சுடப்பட்டு விழுந்தவர்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. அதிலும், சுட்டது நம்மவர்தான் என்று ஊர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்ட சாவுகள் என்றால், அந்தப் பெயரைப் பரிசுப் பட்டியலில் எழுதத் துணிவு நெடுங்காலமாக வரவில்லை.

மருத்துவர் ரஜனி திராணகமவின் பெயரில் ஒரு புலமைப்பரிசில் வேண்டும் என்று கண்டவர்களிடமெல்லாம் நான் சொல்லிவருவது அதனால்தான்.

1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரஜனி, திருநெல்வேலியில் வீட்டுக்குக் கிட்ட வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைவர். இரண்டு சிறு பெண்பிள்ளைகளின் தாய். விடுதலைப் புலிகளே கொன்றார்கள் என்று குடும்பத்தாரும் கூட உழைத்தவர்களும் சொல்லிவருகிறார்கள், புலிகள் பொறுப்பேற்கவில்லை. யாரும் கூண்டில் நிறுத்தப்படவும் இல்லை. தன்னை மௌனமாக்கும் துப்பாக்கி வெளியாள் ஒருவனின் கையில் இருக்காது, இந்தச் சமூகம் பெற்ற பிள்ளை ஒருவனின் கையில்தான் இருக்கும் என்று அவர் முன்னமே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு நாளும் அந்தச் சைக்கிளை எடுத்தார்.

அவருக்கு நினைவுப் பேருரைகள் நடந்திருக்கின்றன. 2005இல் கனடியத் திரைப்பட வாரியம் அவரைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தது. இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பேருரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ரஜனியை முன்னமே அறிந்தவர்கள். அவரை அறியாத, அறிய வழியில்லாத, முல்லைத்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ ஒரு பயணப் பையோடு பல்கலைக்கழக வாசலில் வந்து இறங்குகிற பிள்ளைக்கு அந்தப் பெயர் எப்படிப் போய்ச் சேரும்? மாதம் முடிய முன்னர் சாப்பாட்டுக் காசு தீர்ந்துபோகிற அந்தப் பிள்ளையின் வங்கிப் புத்தகத்தில் மாதா மாதம் போய்ச் சேரட்டும் என்பது என் விருப்பம்.

இன்னொரு காரணமும் உண்டு. ரஜனியே ஒரு புலமைப்பரிசிலில் படித்தவர். 1983இல் பொதுநலவாயப் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்துக்குப் போய், லிவர்பூல் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியலில் ஆராய்ச்சி செய்தார். 1983 என்றால் எங்களுக்கு என்ன ஆண்டு என்று சொல்லத் தேவையில்லை. ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெளியே போக வழி கிடைத்தவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ரஜனி 1986இல் திரும்பி வந்தார். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அப்போதும் இளம் பீடந்தான். ஆசிரியர்கள் குறைந்துகொண்டே போன அந்த இடத்தில், இருக்கிற பிள்ளைகளுக்கு நரம்பையும் எலும்பையும் படிப்பிக்க ஆள் வேண்டியிருந்தது. அவர் வந்து படிப்பித்தார்.

அவரைப் பிறவியிலேயே சமாதானவாதி என்று காட்டுகிற பேச்சுகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு காலத்தில் அவர் புலிகளுக்கு ஆதரவாக இருந்தவர், காயப்பட்ட போராளிகளுக்கு மருந்து கட்டியவர். அவருடைய தமக்கை நிர்மலா பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறையில் இருந்தவர். ஆயுதம் என்ன செய்கிறது என்பதை ரஜனி உள்ளே நின்று பார்த்தார், மனம் மாறினார், மாறியதை மறைக்காமல் சொன்னார். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதிகளும் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு அவர் பெண்களிடம் போய்ப் போய்க் கேட்டு எழுதினார்: அன்று வீட்டுக்குள் என்ன நடந்தது, யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று. பாதிக்கப்பட்ட பெண்களுக்காகப் ‘பூரணி’ இல்லத்தைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவராக இருந்தார். சகாக்களோடு சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கினார். இந்தியப் படை செய்ததையும் இலங்கைப் படை செய்ததையும் எழுதியவர்கள், தமிழ் இயக்கங்கள் செய்ததையும் அதே மையால் எழுதினார்கள். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘முறிந்த பனை’ 1990இல் நூலாக வந்தபோது ரஜனி இல்லை. ஹூலும் ஸ்ரீதரனும் ஊரைவிட்டு ஒளிந்து வாழ்ந்தபடி அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் இருவருக்கும் 2007இல் மனித உரிமைகளுக்கான மார்ட்டின் எனல்ஸ் விருது கிடைத்தது.

ரொறொன்ரோவில் இருக்கிற என் மருமகன் ஒருவன் ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்குத் தாராளமாகக் கொடுக்கிறவன். அவனிடம் இதைச் சொன்னேன்.

“மாமி, காசு நான் தாறன். அந்தப் பேர் மட்டும் வேண்டாம். பேரைச் சொன்னா இஞ்ச சனம் ரெண்டாப் பிரியும்.”

“பேரில்லாமக் குடுக்கிறதெண்டா நீ இப்பவும் குடுத்துக்கொண்டுதானே இருக்கிறாய், தம்பி.”

“அப்ப ஏன் மாமி?”

அந்த ‘ஏன்’ நியாயமான கேள்வி. அவன் கெட்டவன் அல்லன், பயந்தவனும் அல்லன். போரில் அண்ணனைப் பறிகொடுத்தவன். ரஜனியின் பெயரைச் சொன்னால் தன் அண்ணன் நின்ற பக்கத்தைக் குற்றவாளியாக்குகிறோமோ என்று அவனுக்கு நோகிறது. அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: உன் அண்ணன் பெயரிலும் ஒரு பிள்ளை படிக்கட்டும், அதற்கும் நான் காசு தருகிறேன். ஆனால் இரண்டு பெயரையும் ஒரே ஊரில் உரத்துச் சொல்ல முடியவேண்டும். ஒன்றை மட்டும் மெல்லச் சொல்லவேண்டியிருந்தால், அவர் எதை எழுதியதற்காகச் சுடப்பட்டாரோ அது இன்னும் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

வேறு நாடுகளிலும் இந்தச் சங்கடம் இருந்திருக்கிறது. 2003 மார்ச் 16ஆம் திகதி காஸாவின் ரஃபாவில், ஒரு குடும்பத்தின் வீட்டைக் காக்க இஸ்ரேலிய இராணுவ புல்டோசரின் முன் நின்ற ரேச்சல் கொரி என்ற 23 வயது அமெரிக்கப் பெண் அதனடியில் அகப்பட்டு இறந்தார். ஓட்டுநருக்கு அவர் தெரியவில்லை என்றது இஸ்ரேல். தெரியாமல் இருக்க வழியில்லை என்றார்கள் கூட நின்ற தோழர்கள். 2012இல் ஹைஃபா நீதிமன்றம் பெற்றோரின் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவருடைய எழுத்துகளிலிருந்து தொகுத்த நாடகத்தை 2006இல் நியூயோர்க்கில் ஒரு அரங்கம் ஏற்றுவதாக இருந்து பின்வாங்கியது. அமெரிக்காவில் அந்தப் பெயர் எவ்வளவு பிணக்கைக் கிளப்பும் என்று தெரிந்தும், அவர் படித்த எவர்கிரீன் கல்லூரியில் அவர் பெயரில் ஒரு புலமைப்பரிசில் ஏற்பட்டது.

யாருக்குக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் என்று எழுதினால் அது ரஜனியின் பெயருக்குப் பொருந்தாது. அவர் மணந்தது தயாபால திராணகம என்ற சிங்களவரை. தெற்கின் இடதுசாரி அரசியலில் இருந்த அவரோடு மொழி, மதம், ஊர் எல்லாம் தாண்டி ஒரு குடும்பம் அமைத்தார். ரஜனி இறந்து ஓராண்டும் சில வாரங்களும் கழித்து, 1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் அத்தனைபேரும் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். உயிரோடு இருந்திருந்தால் அதைப் பற்றித்தான் அவருடைய அடுத்த அறிக்கை இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்த தாய்க்குப் பிறந்த பிள்ளை ஒன்று இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வரலாம். தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகள் வருகிறார்கள். 2016 ஜூலையில் புதிய மாணவரை வரவேற்கிற ஊர்வலத்தில் கண்டிய நடனம் சேர்த்தது பற்றி எழுந்த வாக்குவாதம், அங்கே அடிதடியாகவே முடிந்தது. அந்த வளாகத்தில் எல்லாப் பிள்ளைகளும் கேட்கக்கூடிய ஒரு உதவி ரஜனியின் பெயரில் இருப்பது நல்லது.

இனிப் பணம். நல்ல நோக்கத்தோடு தொடங்கி அற்பமாகிப்போன நினைவு நிதிகள் ஊரில் எத்தனையோ. காரணம் ஒன்றுதான். முதலை நிலையான வைப்பில் போட்டு, வருகிற வட்டி முழுவதையும் கொடுத்துவிடுகிறார்கள். விலைவாசி ஏறுகிறது, முதல் அப்படியே நிற்கிறது. 2022இல் இலங்கையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். தொடங்கிய நாளில் ஒரு பிள்ளையின் மாதச் சாப்பாட்டுக்குப் போதுமாயிருந்த பரிசு, இப்போது கடித உறையில் வைத்துக் கொடுக்கக் கூச்சப்படுகிற தொகையாகிவிட்டது.

இலவசக் கல்வியைக் கொண்டுவந்த கன்னங்கராவின் புண்ணியத்தில் இங்கே பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வேண்டியது சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, புத்தகம். மஹாபொல புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாயாக நெடுநாள் நின்று, 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7500 ஆனது. அதன் மேல் மாதம் 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரு மருத்துவ மாணவி மாலையில் ரியூசன் கொடுக்க ஓடாமல் படிக்கலாம். வருடத்துக்கு 1,80,000, ஐந்து வருடத்துக்கு 9 இலட்சம். வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அதில் பாதியை மட்டும் கொடுத்து மறுபாதியை முதலோடு சேர்ப்பதானால் 45 இலட்சம் வேண்டும். நூறு பேர் ஆளுக்கு 45,000 போட்டால் சேர்ந்துவிடும். ஒரே பணக்காரர் முழுவதையும் தர முன்வந்தாலும் நான் நூறு பேரையே விரும்புவேன். அப்போதுதான் நூறு வீட்டில் அந்தப் பெயர் பேசப்படும்.

விண்ணப்பத்தில் என்ன கேட்கக்கூடாது என்பதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். உதவி நிதி ஒன்றின் தெரிவுக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். தகப்பன் எப்படிச் செத்தார் என்று வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஒரு பெண்பிள்ளை, நன்றாகப் படிக்கிறவள், பதிலைப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஏற்கெனவே பல மேசைகளுக்கு முன் சொல்லிச் சொல்லி அவளுக்கு அது மனப்பாடம். தன் வீட்டுத் துயரத்தை விற்றுக் காசு வாங்க வேண்டிய நிலைக்கு எந்தப் பிள்ளையையும் கொண்டுவரக்கூடாது. பெண்களிடம் அத்தனை பொறுமையோடு கேட்டு எழுதிய ரஜனியின் பெயரில் நிச்சயமாகக் கூடாது. சமாதானம் பற்றிக் கட்டுரை எழுது என்றும் கேட்கவேண்டாம். பிள்ளைகள் நமக்குப் பிடித்ததை எழுதித் தருவார்கள், அவ்வளவுதான். வருமானச் சான்று, பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், ஒரு ஆசிரியரின் சிபாரிசு போதும். செப்டெம்பர் 21இல் மேடை போட்டு மாலை போட்டுக் காசோலை கொடுக்கிற படம் வேண்டாம். படிப்புத் தொடங்குகிற மாதத்திலிருந்து பணம் வங்கிக்குப் போகட்டும். முதல் மாதத்தோடு ‘முறிந்த பனை’யின் ஒரு பிரதி தபாலில் போகட்டும். வாசித்தாயா என்று கேட்டு யாரும் கடிதம் போடக்கூடாது.

மருமகன் பின்னொரு நாள் தொலைபேசியில் இதையே சுற்றிக்கொண்டு வந்தான். இந்தக் காசில் படிக்கிற பிள்ளை ரஜனி சொன்னது பிழை என்று மேடையேறிச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றான். அவன் கேட்டதற்குப் பதில் மஹாபொலவில் இருக்கிறது. அதை 1981இல் தொடக்கிய லலித் அத்துலத்முதலி பிற்பாடு தேசிய பாதுகாப்பு அமைச்சராக இருந்து எங்கள் மேல் போர் நடத்தியவர். அந்தப் பணத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்! அவருடைய அரசியலை ஏற்றுக்கொண்டா வாங்கினார்கள்? அவர்கள் அவரை எதிர்த்து நோட்டீஸ் ஒட்டினாலும் பணம் வந்தது. ரஜனியின் பெயரில் வருகிற பணம் அதைவிடக் குறுகிய மனத்தோடு வரக்கூடாது. அவரோடு உடன்படாத பிள்ளைக்கும், அதை வாய்விட்டுச் சொல்கிற பிள்ளைக்கும், கடைசி மாதம் வரை பணம் நிற்காமல் போகவேண்டும். விதிகளில் முதலாவதாக அதை எழுதி வைத்திருக்கிறேன். அவன் தன் பங்கு 45,000த்தை அனுப்பிவிட்டான்.