மீன் தொட்டியில் கொஞ்சம் கடல்

(இரண்டாமாண்டு, சிவில்)

நண்பர்கள் எல்லோரும் ஆண்டு மலருக்குக் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அதனால் எங்கள் வீட்டு மீன் தொட்டியைப் பற்றி எழுதுகிறேன். திங்கட்கிழமை தோறும் நான் ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீரோடு பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் காரணத்தை இங்கே தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் வீடு அரியலூர் பக்கம். அப்பாவுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. எட்டாவது படிக்கும் தங்கச்சி உண்டியலை உடைத்து இரண்டடித் தொட்டி வாங்கினாள். உள்ளே நாலு கறுப்பு மாலி, ஆறு நியான் டெட்ரா. "நீதான் காலேஜ் படிக்கிறியே, எந்தத் தண்ணி ஊத்தலாம்?" என்று என்னைத்தான் கேட்டாள். எங்கள் போர் தண்ணீர் கொதித்தால் பாத்திரத்தில் வெள்ளையாய்ப் படியும். 'நல்ல தண்ணி'யாக இருக்கட்டும் என்று ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து ஊற்றினேன்.

ஒரு மாதத்தில் மாலிகள் துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்று ஆட ஆரம்பித்தன. மாலிக்கு உப்பு வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், இரண்டு கை தூள் உப்பை அள்ளி அப்படியே தொட்டியில் போட்டேன். விடிந்தபோது நாலு டெட்ரா மிதந்தன. தங்கச்சி அழவில்லை, திட்டவும் இல்லை. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவன் நான். அந்த மௌனம் எனக்கு எந்த அரியரை விடவும் வலித்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். டெட்ரா அமேசான் பக்கத்து மென்னீர் மீன், அதற்கு உப்பு ஆகாது. மாலி வேறு ஜாதி. மெக்சிகோ பக்கம் ஆற்றிலும் இருக்கும், முகத்துவாரத்து உவர்நீரிலும் இருக்கும். நம் கொள்ளிடம் கடலில் சேரும் இடம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்னீரில் மீனின் உடம்பு வெளித்தண்ணீரை விட உப்பானது. அதனால் தண்ணீர் செவுள் வழியாக உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும், மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றும். கடல்நீரில் தலைகீழ். மாலியால் இரண்டுக்கும் மாற முடியும், ஆனால் செவுள் தயாராக நாள் பிடிக்கும். பில்டரில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவுக்கும் அதே கதைதான். மீனை உள்ளே வைத்துக்கொண்டே மாற்றுவதானால் அவசரப்படவே கூடாது.

மிச்சம் இரண்டு டெட்ராவைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு அனுப்பினேன். திருச்சியில் கடல்மீன் தொட்டி உப்பு வாங்கினேன். சமையல் உப்பு கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. கடலில் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் உண்டு. தொட்டி பிடிப்பது 45 லிட்டர். லிட்டருக்கு 7 கிராம் என்றால் 315 கிராம், இலக்கு அடர்த்தி எண் 1.005 (கடல்நீர் சுமார் 1.025). நாலு வாரமாகப் பிரித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஐந்து லிட்டர் எடுத்துவிட்டு, போர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டேன். பாத்திரத்தில் படியும் அந்தக் கடினத்தன்மைதான் மாலிக்கு மருந்தாம்!

அளக்க என்ன வழி? நம் சாயில் லேப் ஹைட்ரோமீட்டர்! மண் கலந்த தண்ணீரின் அடர்த்தியைப் பார்ப்பதும் இதே அளவில்தான். "என்னடா இது, எந்த ஊர் மண்ணு?" என்றார் லேப் அண்ணன். விஷயத்தைச் சொன்னதும் ஜாடியை அவரே கழுவிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ரூம்மேட் தாகத்தில் அந்தப் பாட்டிலைக் குடித்துத் தொலைத்தான். அந்த வார ரீடிங் மட்டும் என்னிடம் இல்லை.

வேலம்பாசி அழுகியது, எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் அப்பா சுரங்கத்திலிருந்து கொண்டுவந்த சிப்பிக்கல்லை அடியில் வைத்தேன். அரியலூர் கோடிக்கணக்கான வருஷம் முன்பு கடலடியில் கிடந்த பூமி. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி சிப்பியாக இருக்கும். ஆறு கோடி வருஷத்துக்கு மேல் ஆன சிப்பி மறுபடி உப்புத் தண்ணீரில்! அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பயம் மட்டும் இருந்தது. வெயிலில் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. குறைந்ததற்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் அளவு ஏறிவிடும். ஹாஸ்டல் கிளம்புமுன் அம்மாவுக்கு ஆவியாதல், செறிவு என்று விளக்க ஆரம்பித்தேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. பாதியிலேயே, "குழம்பு சுண்டினா தண்ணிதானேடா ஊத்துவோம், மறுபடி உப்பா போடுவாங்க?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடியில் கோடு மட்டும் போட்டுக் கொடுத்தேன்.

ஐந்தாவது வாரம் ரீடிங் 1.005. மாலிகள் துடுப்பை விரித்து நீந்தின. அடுத்த புதன் ராத்திரி ஹாஸ்டலுக்கு அப்பா நம்பரிலிருந்து போன். எடுத்தால் தங்கச்சி.

"அண்ணா, பெரிய மாலி குட்டி போட்டிருக்கு. பதினாலு எண்ணிட்டேன். பெரிசுங்க தின்னுடுமாமே? தனியா எடுத்து வைக்கணும்னா எந்தத் தண்ணி ஊத்தட்டும்?"

"அதே தொட்டித் தண்ணியையே மொண்டு ஊத்து" என்றேன்.