மூன்று இப்றாஹீம்கள்

புதுக்கடை என்றால் எங்கள் ஊராருக்கு வழக்கு. 1656இல் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்துத் தளபதி ஹல்ஃப்டின் பெயரை ஆங்கிலம் இன்னும் சுமக்கிறது; நமக்கு அது புதுக்கடைதான்.

அங்கே தட்டச்சுப் பொறியோடு பெட்டிசம் எழுதிய நானாமார் பிறகு கணனிக்கு மாறினார்கள். அதற்கு விரல் பழகினால் போதும். இப்போது செயற்கை நுண்ணறிவு சிங்கள உறுதியை நொடியில் தமிழாக்குகிறது; பெட்டிசமும் எழுதித் தருகிறது.

எங்கள் காணி உறுதியில் வாப்பா ‘இப்ராகிம்’. பிறப்புப் பதிவில் ‘இப்றாஹீம்’. அடையாள அட்டையில் ‘இப்ராஹிம்’. இயந்திரம் மூவரையும் அப்படியே பெயர்த்தது. “மூன்று பேரும் ஒராள்தான் என்று சத்தியக்கடதாசி முடியுங்க சேர்” என்றவர் ஒரு தட்டச்சு நானா.

அந்தக் கண் பல்லாண்டு தட்டித் தட்டி வந்தது. தட்டும் வேலையே போய்விட்டால் அடுத்த ஆளுக்கு அது எங்கிருந்து வரும்? ‘கணனி படி’ என்று ஆசிரியர்கள் நாங்கள் ஓதும் புத்திமதி இதற்குக் காணாது.

இப்போது பத்தாம் வகுப்பில் பழைய சிங்கள உறுதியொன்றையும் இயந்திரம் செய்த தமிழையும் கொடுத்துப் பிழை தேடச் சொல்கிறேன். சிங்களத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைகள்தான் முதலில் கை உயர்த்துகிறார்கள். வகுப்பில் அப்படி நாலு பேர்.