இன்னும் ஒரு நிமிஷம்

கபினிக் காட்டுக்குப் புகைப்படம் எடுக்கப் போகிறேன் என்று நான் அறிவித்தபோது என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வண்டலூரில் இல்லாத மிருகமா அங்கே இருக்கிறது?" என்பது. இரண்டாவது கேள்வி, நான் வாடகைக்கு எடுத்து வந்திருந்த லென்ஸைப் பற்றியது. முதல் கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்வி காதில் விழாதது போல் இருந்துவிட்டேன்.

என்னோடு புறப்பட்டவர்கள் நால்வர். ஒருவர் வங்கி உத்தியோகஸ்தர், ஒருவர் மருந்துக் கடை முதலாளி, மூன்றாமவர் இஞ்சினீயர், நான்காமவர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். வாரம் ஒரு முறை கூடி, ஒருவர் எடுத்த படத்தை மற்ற நால்வரும் குறை சொல்வதே எங்கள் கூட்டத்தின் பிரதான காரியம். இருபது வருஷமாகக் கல்யாணப் படம் எடுத்துப் பழகிய ஸ்டூடியோக்காரர் எந்த ஜீவனைக் கண்டாலும், "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ" என்று முணுமுணுப்பார். காட்டில் ஒரு கடமாவைப் பார்த்தும் அப்படியே சொன்னார். ஜனங்கள் காட்டெருமை என்று அழைக்கும் அந்தப் பிராணி எருமை ஜாதியே அல்ல, மாட்டு ஜாதி. அது அவருடைய வார்த்தையை மதித்துத் திரும்பவும் செய்தது. முழுவதுமாகத் திரும்பி, பின்புறத்தைக் காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

கும்பகோணத்துக்காரர்களாகிய எங்களுக்குக் கபினி அந்நியமான பெயர் அல்ல. வயநாட்டு மலைகளில் பிறந்து, மைசூர்ச் சீமை வழியாக ஓடி, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியோடு கலக்கிறது அந்த நதி. பிறகு மேட்டூர், கல்லணை என்று எங்கள் வயலுக்கு வந்து சேர்கிறது. ஆடிப் பெருக்கன்று காவிரியில் முழுகுகிறவன் தலையில் கபினித் தண்ணீரும் சேர்ந்தேதான் விழுகிறது. 1974-ஆம் வருஷத்தில் அந்த நதிக்குக் குறுக்கே அணை கட்டி முடித்தார்கள். கோடையில் நீர்த்தேக்கம் வற்றி வற்றி உள்வாங்கும்போது, வெளிப்பட்ட தரையில் பசும்புல் முளைக்கிறது. நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு முதலிய காடுகளில் தண்ணீர் சுண்டிப் போகிற அந்தச் சமயத்தில், புல்லையும் நீரையும் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக இந்தக் கரைக்கு வருகின்றன. எங்கள் பள்ளிக்கூட விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. ஆகவே யானைகளும் நானும் மே மாதத்தில் கபினிக் கரையில் சந்திப்பதென்று ஏற்பாடாயிற்று.

இரவு ரயிலில் மைசூருக்குப் போகும்போது வழி நெடுகப் பேச்சுத்தான். பேச்சில் பெரும் பகுதி என்னுடையது. உபாத்தியாயர்களுக்கு இது ஒரு வியாதி. வெள்ளைக்கார துரைமார்களும் நம்முடைய மகாராஜாக்களும் செத்த புலியின் தலைமேல் கால் வைத்துக்கொண்டு படம் பிடித்துக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தத் துரைமார்களிலேயே சாம்பியன் என்ற காட்டிலாகா அதிகாரி ஒருவர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் காமிராவை எடுத்ததையும் சொன்னேன். மிருகம் நடக்கும் தடத்தில் மெல்லிய கம்பியைக் கட்டி, அது காலில் இடறியதும் வெளிச்சம் மின்னி, புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்படி செய்தார் அவர். அந்தப் படங்களைப் பற்றி 1927-இல் புஸ்தகமும் எழுதினார். பிறகு நம் மா. கிருஷ்ணனின் கதைக்கு வந்தேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் குமாரர், 1912-இல் பிறந்தவர். பல காமிராக்களின் உறுப்புகளைத் தாமே சேர்த்துப் பூட்டிய ஒரு பெரிய பெட்டியைச் சுமந்துகொண்டு, நம் காடுகளில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். ஒவ்வொரு படத்துக்கும் பிலிம் செலவாகும் காலம் அது. விசையை அமுக்குவதற்கு முன் மனுஷன் யோசிப்பான்.

"நம் காமிரா வினாடிக்கு இருபது படம் எடுக்கும்" என்றார் வங்கிக்காரர்.

"யோசிக்க நேரம் ஏது?" என்றார் மருந்துக் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம்.

தேசாபிமானத்தோடும் சில விஷயங்கள் சொன்னேன். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியது. 1972-ஆம் வருஷத்துக் கணக்கில் 1,827 என்று இருந்த நம் தேசத்துப் புலிகள், 2022-ஆம் வருஷத்துக் கணக்கில் குறைந்தது 3,167 ஆயின. வேட்டையாடிய தேசம் இப்போது காவல் காக்கிறது. துப்பாக்கி பிடித்த கை காமிரா பிடிக்கிறது என்று நான் முடித்தபோது, மேல் படுக்கையிலிருந்த ஓர் அந்நியர் விளக்கை அணைக்கும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

முதல் நாள் புலி தேடினோம். காட்டுக்குள் போகிறவன் புலியைத் தேடாமல் இருப்பது கோயிலுக்குப் போகிறவன் பிரகாரத்தோடு திரும்புவது போல என்பது பொது அபிப்பிராயம். புள்ளிமான்கள் நூற்றுக்கணக்கில் நின்றன; ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உண்ணிச் செடிப் புதர் ஒன்றிலிருந்து வெளிவந்து பாதையைக் கடந்த புலியை ஒன்பது வினாடி தரிசித்தோம். எனக்குக் கிடைத்தது வாலும் அரை முதுகும். ஸ்டூடியோக்காரருக்கு அதுவும் இல்லை. அவருடைய லென்ஸில் மூடி இருந்தது.

நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் சாயங்காலத்தைப் பற்றி.

நீர்த்தேக்கத்தின் கரையோரமாக ஒரு மண் பாதை போகிறது. ஒரு பக்கம் காடு. மறு பக்கம் வெடித்த சேறும் புல்லும், அப்பால் தண்ணீர். ஐந்து மணி சுமாருக்கு எங்கள் ஜீப்பும் இன்னும் இரண்டு ஜீப்புகளும் அந்தப் பாதையில் நின்றிருந்தன. சூரியன் தண்ணீருக்கு மேலே, எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது. புகைப்படக்காரனுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காட்டிலிருந்து வரும் எந்த மிருகத்தின் முகத்திலும் பொன் வெயில் நேராக விழும். நாங்கள் தண்ணீரின் பக்கம் நின்றதற்குக் காரணம் இந்த வெயில்தான், வேறொன்றும் இல்லை.

யானைகள் வந்தன. முதலில் கிழட்டுப் பெண் யானை ஒன்று. அதற்குப் பின்னால் பெரியதும் சிறியதுமாகப் பத்து. யானைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பெண் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நம் வீடுகளிலும் அப்படித்தான், ஒப்புக்கொள்வதில்லை. கூட்டத்தில் இரண்டு கன்றுகள். ஒன்று மிகவும் சிறியது. தாயின் வயிற்றுக்கு அடியில் நிமிர்ந்தபடியே நடந்தது. துதிக்கையை என்ன செய்வதென்று அதற்கு இன்னும் பிடிபடவில்லை. ஏதோ பிறருடைய சாமானைத் தூக்கி வந்தது போல அதை ஆட்டிக்கொண்டு வந்தது.

எங்களைக் கண்டதும் தலைவி நின்றது. உடனே பதினொன்றும் நின்றன. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே அறுபது தப்படி இருக்கும். மிருகத்துக்கும் வண்டிக்கும் இடையே இருபது மீட்டராவது இருக்கவேண்டுமென்று 2012-ஆம் வருஷத்தில் வந்த விதிகள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் எங்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

காமிராக்கள் சடசடவென்று ஓசையிட்டன. தலைவி துதிக்கையைத் தலைக்கு மேல் வளைத்து உயர்த்திக் காற்றை மோந்தது. யானைக்குக் கண் கூர்மை போதாது, மோப்பம் அபாரம். காதுகள் விரிந்தன. கன்றுகளைப் பெரிய யானைகள் நடுவில் தள்ளி மறைத்தன. ஒரு யானை முன்னங்காலைத் தூக்கியும் தூக்காமலும் முன்னும் பின்னுமாக ஊசலாட்டியது. இன்னொன்று மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. வெயிலில் அந்தப் புழுதி பொற்பொடியாகப் பறந்தது.

எங்கள் டிரைவர் அந்தப் பக்கத்துக் குறும்பர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் மெல்லத் திரும்பி, "பேடா சார்" என்றார். வேண்டாம் என்று அர்த்தம். பிறகு தமிழிலும் சொன்னார்: "தண்ணிக்கு வந்திருக்கு சார். நாம நடுவில் நிற்கிறோம். பின்னால் போயிடலாம்."

நண்பர்கள் நால்வரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் மூத்தவன் நான், வாத்தியார் வேறு. நியாயம் கேட்கவேண்டிய இடம் என்னிடந்தான் என்பது அவர்களுடைய வழக்கம். அந்தச் சமயத்தில் என் லென்ஸுக்குள் தலைவியின் முகமும், அதன் கால்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் சின்னக் கன்றின் நெற்றியும் ஒரே நேர்க்கோட்டில் வந்துகொண்டிருந்தன.

"இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டுமே" என்றேன்.

அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் நீண்டது. நாங்கள் நகரவில்லை என்பதைக் கண்டு மற்ற இரண்டு ஜீப்புகளும் நகரவில்லை. பெரிய யானை ஒன்று ஒரு நாளில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும் என்பதும், தாய் குடித்தால்தான் கன்றுக்குப் பால் என்பதும் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடந்தான். அப்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. சூரியன் இறங்கியது, வெளிச்சம் மங்கியது. தலைவி துதிக்கையைத் தாழ்த்திவிட்டுக் காட்டை நோக்கித் திரும்பியது. ஒவ்வொன்றாக எல்லாம் அதன் பின்னால் திரும்பின. சின்னக் கன்று மட்டும் தண்ணீரைப் பார்த்து நாலு அடி ஓடி வந்தது. தாய் அதைத் துதிக்கையால் வளைத்து அழைத்துக்கொண்டு போயிற்று.

அன்றிரவு விடுதியில் எங்களுக்குக் கொண்டாட்டம். என் படத்தைப் பார்த்து நண்பர்கள் முதல் முறையாக ஒரு குறையும் சொல்லவில்லை. மருந்துக் கடைக்காரர், "வாத்தியார் ஐயா, இது போட்டிக்குப் போகவேண்டிய படம்" என்றார். எனக்கும் கர்வமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் புறப்படும்போது டிரைவருக்கு இனாம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இங்கே பழைய சரித்திரம் கொஞ்சம் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்துக் காகனகோட்டைக் காட்டில், மைசூர் மகாராஜாக்களின் காலத்தில், 'கெட்டா' என்ற யானை பிடிக்கும் வேட்டை நடக்கும். நூற்றுக்கணக்கான ஆட்கள் யானைக் கூட்டத்தைச் சூழ்ந்து, வழிகளை மறித்து, கபினி ஆற்றுக்குள் இறக்கி, அங்கிருந்து கொட்டடிக்குள் தள்ளுவார்கள். வைஸ்ராய்களுக்கும் பெரிய விருந்தாளிகளுக்கும் அது ஒரு வேடிக்கை. கடைசிக் கெட்டா 1971-இல் நடந்தது. இந்தச் சரித்திரத்தை நான் டிரைவரிடம் விஸ்தரிக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க தாத்தா அதில் வேலை செய்தவர் சார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "யானைக்கு வழி மறிச்சு நின்றதுக்கு மகாராஜா அவருக்குக் கூலி கொடுத்தார். நீங்கள் எனக்கு இனாம் கொடுக்கிறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எங்கள் பெட்டிகளை எடுத்து ஒழுங்காக அடுக்கினார்.

ரயிலில் திரும்பும்போது நான் அதிகம் பேசவில்லை. வயிறு சரியில்லையா என்று ஸ்டூடியோக்காரர் விசாரித்தார்.

பள்ளிக்கூடம் திறந்ததும், படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவரும்படி தலைமை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். எட்டாம் வகுப்பில் அதைக் கரும்பலகைக்கு மேலே மாட்டினேன். பையன்கள் ஆரவாரம் செய்தார்கள். கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், எல்லா யானையும் ஏன் நம்மையே பார்க்குது?" என்று கேட்டான்.

யானையின் கண்ணைப் பற்றியும் மோப்பத்தைப் பற்றியும் ஐந்து நிமிஷம் விளக்கினேன். வகுப்பு திருப்தியடைந்தது. அவன் உட்காரவில்லை. "அது சரி சார். எதுக்காக அங்கேயே நிற்குது?"

சொன்னேன். தண்ணீர் எந்தப் பக்கம் இருந்தது, ஜீப் எந்தப் பக்கம் நின்றது, டிரைவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று எல்லாவற்றையும் கரும்பலகையில் கோடு போட்டே காட்டினேன். வகுப்பு முழுவதும் படத்தையும் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தது.

"அப்புறம் தண்ணி குடிச்சுதா சார்?"

"தெரியாதப்பா" என்றேன்.

முதல் பெஞ்சில் இருந்த ஒரு பையனுக்கு என் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை போலிருக்கிறது. "இருட்டினப்புறம் வந்திருக்கும், சார்" என்றான்.