பெயர் எழுதாத விடைத்தாள்



ஐந்தாம் வகுப்பு டீச்சருக்கு நெட்வொர்க் பற்றி என்ன தெரியும் என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஐடிஐ, டிப்ளமோ முடித்து அந்த வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சிலர் "நேட்டிவ் வி-லேன்" என்றாலே பயப்படுகிறார்கள். அவர்களில் ஒருவன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை, எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

ஒரு பள்ளியில் அலுவலகமும் கம்ப்யூட்டர் லேபும் ஒரே சுவிட்ச்சில் இணைந்திருக்கின்றன என்று வையுங்கள். இரண்டையும் பிரிக்க இன்னொரு சுவிட்ச் வாங்க வேண்டியதில்லை. போர்ட்டுகளுக்கு எண் கொடுத்தால் போதும். அலுவலகம் 10, லேப் 20. இதுதான் வி-லேன். கட்டடம் ஒன்று, வகுப்பறை இரண்டு.

இரண்டுக்கும் இன்டர்நெட் வேண்டும். ரவுட்டருக்குப் போவதோ ஒரே கேபிள். அதற்கு ட்ரங்க் என்று பெயர். எந்த ஃபிரேம் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று தெரிய, 4 பைட் அளவில் ஒரு சீட்டை சுவிட்ச் அதில் செருகுகிறது. இதை டேக் என்கிறார்கள். 802.1கியூ என்ற தரம் வகுத்த முறை இது. டேகில் வி-லேன் எண்ணுக்கு 12 பிட் இடம் உண்டு. 1 முதல் 4094 வரை எண் தரலாம்.

ரவுட்டரின் அந்த ஒரே போர்ட்டை 0/0.10, 0/0.20 என்று இரண்டு சப்-இன்டர்ஃபேஸாகப் பிரிக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி முகவரி. அதுவே அந்த வகுப்பின் வாசல். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் நம் வசதிக்காக. "என்கேப்சுலேஷன் டாட்1கியூ 20" என்ற வரியில் உள்ள 20தான் டேகோடு பொருந்த வேண்டும். இன்னொன்று, ரவுட்டர் இரண்டு வகுப்புக்கும் இடையே தானாகவே வழிவிட்டுவிடும். லேப் பிள்ளைகள் அலுவலகத்துக்குள் வரக்கூடாது என்றால் ஆக்சஸ் லிஸ்ட் தனியாக எழுத வேண்டும்.

சரி, டேக் இல்லாமல் வரும் ஃபிரேம்?

5அ, 5ஆ விடைத்தாள்களை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறோம். "வகுப்பு எழுதாத தாளெல்லாம் 5ஆ" என்று ஒரு ஏற்பாடு. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அது தெரிந்திருந்தால் குழப்பமில்லை. டேக் இல்லாத ஃபிரேம் எந்த வி-லேனைச் சேர்ந்தது என்ற அந்த ஏற்பாடுதான் நேட்டிவ் வி-லேன். சிஸ்கோ சுவிட்ச்சில் நாம் மாற்றாதவரை அது 1.

அந்தப் பையன் ஒருநாள் ராத்திரி போன் செய்தான். அவன் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அலுவலகத்துக்கு நெட் வருகிறது, லேபுக்கு வரவில்லை. விடிந்தால் ஆன்லைன் தேர்வு. கேபிள் மாற்றியாயிற்று, போர்ட் மாற்றியாயிற்று, விளக்கெல்லாம் பச்சையாகவே எரிகிறது.

"காலையில லேப் ஓடலைன்னா என் வேலை போயிடும் டீச்சர்" என்றான். குரல் உடைந்திருந்தது.

"எனக்குப் புரியுற மாதிரி முதல்லேர்ந்து சொல்லுப்பா" என்றேன். மேலே எழுதியதெல்லாம் அன்று அவன் சொன்னதுதான்.

"சீட்டு இல்லாம வந்தா ரவுட்டர் என்ன செய்யும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஒரு நிமிஷம் டீச்சர்" என்று போனை வைத்துவிட்டான்.

சுவிட்ச்சில் யாரோ நேட்டிவ் வி-லேனை 20 என்று மாற்றி வைத்திருந்தார்கள். அதனால் லேப் ஃபிரேம்கள் டேக் இல்லாமலே போயிருக்கின்றன. ரவுட்டரில் 0/0.20 டேக் 20க்காகக் காத்திருந்தது. டேக் இல்லாதவை ஐபி முகவரியே இல்லாத மூல போர்ட்டில் போய் நின்றுவிட்டன. ரவுட்டரின் அந்த வரியில் "நேட்டிவ்" என்று ஒரு சொல் சேர்த்ததும் லேப் ஓடியது. தேர்வும் நடந்தது.

வேலைக்குப் போகும் பிள்ளைகளே, யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணை, உதாரணமாக 99ஐ, நேட்டிவாக வையுங்கள். அப்போது லேபுக்கும் அலுவலகத்துக்கும் எப்போதும் டேக் இருக்கும். ட்ரங்க்கின் இரண்டு முனையிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சுவிட்ச்சுகளுக்கு நடுவே அது மாறிப்போனால் ஒரு வகுப்பின் ஃபிரேம் இன்னொரு வகுப்புக்குள் புகுந்துவிடலாம்.

"அது டிஃபால்ட், அப்படியே விட்டுடு" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் எனக்குப் போன் செய்யுங்கள். எனக்குப் பதில் தெரியாது. ஆனால் நீங்கள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்