பால் கணக்கு நோட்டு

ஐப்பசிக்கப்புறம் இங்க எதுவும் எழுதலை. மஞ்சள் வெட்டு, வேக வைப்புன்னு சாக்கு சொல்லலாம். நிஜக் காரணம் வேற. வீட்டுக்காரிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு கீமோ ஓடிட்டு இருக்கு. (அவகிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதறேன்.)

முதல் நாலு தடவை 21 நாளைக்கு ஒருக்கா சிவப்பு மருந்து. சிறுநீரும் சிவக்கும்னு நர்ஸம்மா முன்னாடியே சொல்லிட்டாங்க, அதனால பதறலை. அப்புறம் வாரம் ஒண்ணா 12 ஊசி. யார் கேட்டாலும் "பரவால்லீங்க"ம்பா. டாக்டர் கேட்டாலும் அதே. நானும் நம்பிட்டேன்.

போன மாசம் சொசைட்டிக் கணக்கு பார்க்கப் பால் நோட்டைப் பிரிச்சேன். கடைசிப் பக்கத்துல இருந்து தலைகீழா அவ கையெழுத்து.

"ரசம் தாளிச்ச வாசமே குடலைப் புரட்டுது. அவரு ஆசையா வெச்சது. குடிச்சுட்டு மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி போய் வாந்தி எடுத்தேன்."

"சித்தி என் மொட்டைத் தலையப் பார்த்து அழுதாங்க. அவங்களை நான் தேத்த வேண்டியதாப் போச்சு."

கடைசியா எழுதினது, காத்துல சாஞ்ச நெல்லு மாதிரி கோணக்கோணலா: "விரல் நுனி மரத்துப்போச்சு. நெருப்புக்குச்சி பிடிபடலை. சொன்னா ஊசிய நிறுத்திருவாங்களோ?"

வாந்தியோட சத்தம்கூட என் காதுல விழலை பாருங்க. நாலு மாசமா பக்கத்துலயேதான் இருந்தேன்.

எழுதச் சொன்னது நர்சிங் படிக்கிற எங்க பொண்ணு. 1986ல அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியல் பேராசிரியர், சாண்ட்ரா பீல்ங்கிறவங்களோட சேர்ந்து காலேஜ் பசங்களை நாலு நாள், தினம் 15 நிமிஷம், மனசைக் காயப்படுத்துனதை எழுத வெச்சாராம். எழுதின கையோட மனசு பாரமாயிடுச்சாம். ஆனா அடுத்து வந்த மாசங்கள்ல, நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதினவங்க டாக்டர்கிட்டப் போறது குறைஞ்சுதாம். புற்றுநோய்க்காரங்ககிட்டயும் இதைப் பார்த்திருக்காங்க. சிலருக்கு உதவுது, சிலருக்கு இல்லை. எழுதினா கட்டி கரையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அன்னிக்கு ராத்திரி படிச்சதை ஒத்துக்கிட்டேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "படிச்சது படிச்சாச்சு. ஆனா அதைப் பத்தி எங்கிட்டக் கேக்காதீங்க, வாயில வராதுங்க"ன்னா.

அடுத்த ஊசிக்குப் போனப்ப "பரவால்லீங்க"ன்னு ஆரம்பிச்சவ, என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் பையில இருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தை டாக்டர்கிட்ட நீட்டிட்டா. அவர் ரெண்டு கை விரலையும் தொட்டுத்தொட்டுப் பார்த்தார். "முதல்லயே சொல்லியிருக்கணும்மா"ன்னார். மருந்தோட அளவைக் கொஞ்சம் குறைச்சார். நிறுத்தலை.

இன்னும் நாலு ஊசி பாக்கி. ரசம் வெக்கிறதை விட்டுட்டேன், மோர்சோறுதான் இறங்குது. பால் கணக்குக்குப் புது நோட்டு வாங்கியாச்சு. பழசு அவ தலகாணிக்கடியில இருக்கு.