பெயரற்ற வில்லும் ஒரு தனித்தட்டும்

குறுந்தொகையைத் தொகுத்தோருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. சில பாடல்கள் கையில் இருந்தன. பாடியவர் பெயர் இல்லை. பாட்டில் ஒளிர்ந்த தொடரையே புலவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் போன்றோர் அவ்வாறு நிலைத்தவர்கள். திரையிசையில் உடன்வாசிக்கும் கலைஞர்களை எண்ணும்போதெல்லாம் எங்களுக்கு இப்புலவர்களே நினைவுக்கு வருகிறார்கள்.

தொண்ணூறுகளில் கம்மாபுரத்து நண்பர்கள் நாங்கள் விருத்தாசலம் சென்று வாங்கிவந்த ஒலிநாடாக்களின் உறைகளில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே நெஞ்சை அறுத்துச் செல்லும் வயலினுக்குப் பெயர் இராது. 'அந்த வயலின்காரர்' என்றே பேசிக்கொண்டோம். பழந்தொகுப்பாளர் செய்ததைத்தான் நாங்களும் அறியாமல் செய்துகொண்டிருந்தோம்.

அக்கைகளுள் ஒன்றுக்கேனும் பெயர் கிடைத்தது ஒரு தனியிசைத் தொகுப்பினால். 1986இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது. அதில் தனிவயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 'ராஜபார்வை'யில் (1981) கமல்ஹாசன் ஏந்திய வயலினுக்குப் பின்னிருந்த வில்லும் அவருடையதே என்று அறிந்தபோது, பன்முறை கேட்ட பாடல்கள் எங்களுக்குப் புதியனவாயின. 'அச்சமில்லை அச்சமில்லை' (1984) படத்துக்கு இசையமைத்தவரும் அவர்தாம். பின்னர் இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ கொண்ட மதராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டை அமைத்து, கீர்த்தனைகளை மேற்கத்திய ஒத்திசைவோடு வாசித்தார்.

கூலிக்கு வாசிப்பது கலையைத் தேய்த்துவிடும் என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். எங்களால் அதை ஏற்க இயலவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இசைக்குறிப்பு கைக்கு வந்த சிறிது நேரத்தில் பிழையின்றி வாசித்தாக வேண்டும். அனைவரும் ஒருங்கே வாசித்துப் பதிவுசெய்த காலத்தில் ஒருவர் தடுமாறினால் எல்லோரும் மீண்டும் வாசிக்க வேண்டியிருந்தது. சில நொடிகளுக்குள் ஓர் உணர்வை எழுப்பிவிட்டு ஒதுங்கத் தெரிய வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அச்சில் வார்த்து வார்த்தே மண்ணின் பதம் கைக்குப் பிடிபடுவதைப் போன்றது அது.

ஜாஸ் உலகிலும் இதுவே நிகழ்ந்தது. டெனர் சாக்சபோன் கலைஞர் மைக்கேல் பிரெக்கர் 1949இல் பிறந்தவர். அண்ணன் ராண்டியோடு எழுபதுகளில் குழு நடத்தினார்; பால் சைமன் தொடங்கி எத்தனையோ பேரின் தட்டுகளில் வாசித்தார். தம் பெயரை மட்டும் தாங்கிய முதல் தட்டை அவர் வெளியிட்டது 1987இல்தான். நம் சிவமணியோ சென்னைத் திரைப்பாடல்களுக்குத் தாளம் கொடுத்தபடியே, ஜான் மெக்லாலின், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 2001இல் வெளிவந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே' தட்டிலும் வாசித்தார்.

எனினும் கூடத்து வேலை ஒன்றைப் பறித்துக்கொள்கிறது: எங்கே தொடங்குவது, எவ்வளவு நேரம் மௌனம் காப்பது, எப்போது முடிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையை. தனித்தட்டு அதைத் திருப்பித் தருகிறது. ஆனால் அடுப்பெரிய வைப்பது பெரும்பாலும் கால்ஷீட்தான். இரண்டையும் தாங்கும் உடலும் நேரமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஏ.ஆர். ரகுமான் தம் ஒலிநாடா உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட்டது இதனாலேயே பெருஞ்செயல். அவரும் பிறர் இசையில் கீபோர்டு வாசித்து வந்தவர். 'பம்பாய்' (1995) படத்தின் கருப்பொருள் இசையில் குழலூதியவர் நவீன் என்றும், பாடல்களின் அடியில் நடக்கும் பாஸ் கிதார் கீத் பீட்டர்ஸுடையது என்றும் இன்று நாம் சொல்ல முடிகிறது.

அதற்கு முந்தைய தலைமுறையில் தனித்தட்டு வாய்க்காதவர்களே மிகுதி. அவர்களோடு அமர்ந்து வாசித்தவர்களுள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பாடலில் எவர் வாசித்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுப் பாடல் வாரியாகப் பெயர்களை எழுதிவைப்பது இலக்கியம் பயின்ற நம்மைப் போன்றோர் செய்யக்கூடிய வேலை. ஏடு தேடியவர்களின் வழிவந்தோர் அல்லவா நாம்.